ஸ்டீரியோ: இரட்டை ஒலியா, திண்ணொலியா?

ஸ்டீரியோ என்றால் இரண்டு ஸ்பீக்கர் என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறோம். சிடியும் ரேடியோவும் சேர்ந்த சின்ன செட் ஒன்று, அதாவது ‘காம்பேக்ட் மியூசிக் சிஸ்டம்’, வீட்டுக்கு வாங்கலாம் என்று தேடும்போதும் அந்த எண்ணம்தான் முன்னால் நிற்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று இருக்கிறதா, சரி, ஸ்டீரியோ. உண்மையில் அந்தச் சொல்லுக்குள் இரண்டு என்ற எண்ணே கிடையாது. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் தமிழில் அதை எப்படிச் சொல்வது என்பது தெளிவாகும். எந்த செட்டை எடுப்பது, எதை விடுவது என்பதும் கூடவே தெளிவாகும்.

‘ஸ்டீரியோஸ்’ என்பது கிரேக்கச் சொல். கெட்டியானது, உறுதியானது, நீள அகல உயரத்தோடு நிற்பது என்று பொருள். நாம் திண்மம் என்கிறோமே, அதுதான். 1790களில் பிரான்சில் ஃபிர்மேன் டிடோ, அச்செழுத்துகளைக் கோத்த பக்கத்தை ஒரே கெட்டித் தகடாக வார்த்து அச்சடிக்கும் முறைக்கு ஸ்டீரியோடைப் என்று பெயரிட்டார். ஒரே தகட்டில் திரும்பத் திரும்ப அச்சடிப்பதால், மாறாத வார்ப்பு எண்ணத்தையும் பிற்பாடு அந்தச் சொல்லாலேயே குறிக்கத் தொடங்கினார்கள். 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் விவரித்த ஸ்டீரியோஸ்கோப்பில், சற்றே வேறுபட்ட இரண்டு தட்டைப் படங்கள் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று என்று தனித்தனியாகக் காட்டப்படும். பார்ப்பவருக்கோ ஆழமுள்ள ஒரே உருவம் தெரியும். கொலஸ்ட்ரால் என்ற பெயரில்கூட இதே வேர் ஒளிந்திருக்கிறது. பித்தக்கற்களிலிருந்து பிரித்தெடுத்த கெட்டிப்பொருள் என்பதால், பித்தத்துக்கான கிரேக்கச் சொல்லையும் ஸ்டீரியோஸையும் சேர்த்து அப்படிப் பெயர் வைத்தார்கள்.

இந்த வரிசையில் 1920களில் வந்தது ஸ்டீரியோஃபோனிக். ‘ஃபோனே’ என்றால் கிரேக்கத்தில் குரல், ஒலி. ஆக, திண்மமாக நிற்கும் ஒலி என்பதே சொல்லின் பொருள். பேச்சில் வால் உதிர்ந்து வெறும் ஸ்டீரியோ ஆகிவிட்டது.

இரண்டு என்ற எண்ணம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் ஒரு காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். இன்றைய இருதட (இரண்டு சேனல்) ஒலிப்பதிவின் அடிப்படைகள் பலவும் அதில் இருந்தன. ஆனால் அவர் அதை ஸ்டீரியோ என்று சொல்லவில்லை. ‘பைனாரல்’, அதாவது இருசெவி ஒலி என்றே எழுதினார். மறுபுறம் அமெரிக்காவில், 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தார் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த சேர்ந்திசையைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாக வாஷிங்டன் அரங்குக்கு அனுப்பிக் காட்டினார்கள். அதில் தடங்கள் 3. மேடையில் எந்த வாத்தியம் எங்கே இருந்ததோ அந்த இடத்திலிருந்தே ஒலி வருவதுபோல் கேட்கவேண்டும் என்பதுதான் நோக்கம். எத்தனை தடம் என்பது வசதியைப் பொறுத்தது. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் சுவருக்கு ஒன்றாக இரண்டு தடங்களைச் செதுக்க முடிந்ததும் 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. வீட்டுக்குள் வந்த ஸ்டீரியோ இரண்டோடு வந்ததால், இரண்டு என்பதே பொருளாகிப் போனது.

அதனால்தான் ‘இரட்டை ஒலி’ என்ற மொழிபெயர்ப்பு எனக்குப் போதவில்லை. அது கருவியில் உள்ள ஸ்பீக்கரை எண்ணுகிறது. காதில் நடப்பதைச் சொல்லவில்லை. ‘முப்பரிமாண ஒலி’ பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் நாலாபுறமும் ஸ்பீக்கர் வைக்கும் திரையரங்க ஒலிக்கு அந்தப் பெயர் போய்விட்டது. பள்ளி வேதியியலில் ஸ்டீரியோ என்ற முன்னொட்டுக்குப் ‘புறவெளி’ என்று எழுதுகிறார்கள். மூலக்கூறுக்கு அது பொருந்தும். புறவெளி ஒலி என்று சொன்னால் வெளியே தெருவில் கேட்கும் சத்தம் என்றல்லவா நினைக்கத் தோன்றும்!

தமிழில் ‘திண்’ என்ற வேர் தயாராக இருக்கிறது. திண்மை, திண்ணம், திண்ணியர், திட்பம் எல்லாம் அதில் முளைத்தவை. திருக்குறளில் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரமே உண்டு. கெட்டித்தன்மை, உறுதி, நிலையாக நிற்பது என ஸ்டீரியோஸ் சுமக்கும் பொருள்கள் அனைத்தையும் திண் சுமக்கிறது. திண் + ஒலி = திண்ணொலி. உச்சரிக்க எளிது, புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. திம்மென்று அடிக்கும் பாஸ் ஒலியை நினைவூட்டுமோ என்று தயங்குபவர்கள் இருக்கலாம். புழக்கத்தில் வந்துவிட்டால் அந்த மயக்கம் போய்விடும். தொழில்நுட்ப விவரத்தில் தடங்களின் எண்ணிக்கையைத்தான் சொல்லவேண்டும் என்றால் ‘இருதட ஒலி’ என்று எழுதலாம். மோனோவுக்கு ‘ஒருதட ஒலி’. பேச்சில் ஸ்டீரியோ என்றே சொல்லிவிட்டுப் போவதில் எந்தக் குறையும் இல்லை.

இனி அந்தத் திண்மை காதில் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி இடக்காதை முதலில் தொடும். வலக்காதுக்குக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாகப் போகும். அந்தத் தாமதம் அதிகம் போனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மூளைக்கு அது போதும், ஒலி வந்த திசையைக் கண்டுபிடித்துவிடும். ஒலிப்பதிவில் பாடகரின் குரலை இரு தடங்களிலும் சம அளவில் வைத்திருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நீங்கள் உட்கார்ந்தால், குரல் இரண்டுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து வரும். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம், நடுவில் குரல் என்று ஆளுக்கோர் இடம் பிடித்து நிற்பார்கள். தலையை ஒரு பக்கம் நகர்த்திப் பாருங்கள், குரலும் அந்தப் பக்கமாகச் சாயும்.

செட் தேர்ந்தெடுப்பதில் முதலில் பார்க்கவேண்டியது இதிலிருந்தே கிடைக்கிறது: ஸ்பீக்கர்கள் தனியாகக் கழன்று வரவேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் நீங்கள் உட்காரும் தூரமும் ஏறக்குறைய சமமாக இருப்பது நல்லது. 2 மீட்டர் இடைவெளி விட்டால் 2 மீட்டர் தள்ளி உட்காரலாம். ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர் பதித்த கருவியை மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால் இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோலத்தான் இருக்கும். பெட்டிமேல் ஸ்டீரியோ என்று எழுதியிருப்பது பொய்யல்ல, தடங்கள் இரண்டுதான். திண்மை மட்டும் அங்கே உருவாகாது. சமையலறை மேடையில் வைத்து வேலைக்கு நடுவே கேட்க அது போதும். உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அதை விட்டுவிடுங்கள்.

பொருத்தும்போது ஒயரைக் கவனியுங்கள். சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேரவேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிச் செருகிவிட்டால், ஒன்றின் கூம்பு முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கும். நடுவில் நிற்கவேண்டிய குரல் கரைந்து எங்கோ பரவிப்போகும், கனத்த ஒலிகள் மெலியும். கருவி கெட்டுவிட்டதென்று நினைக்கும் முன் ஒயரை ஒருமுறை சரிபாருங்கள்.

அடுத்து, செட்டின் பெயரிலும் சிடி என்பதன் விரிவான ‘காம்பேக்ட் டிஸ்க்’கிலும் வரும் ‘காம்பேக்ட்’. லத்தீனில் சேர்த்து இறுக்கிக் கட்டியது என்று பொருள். சிறியது என்பது அதன் விளைவுதான். தமிழகத்தில் சிடியைக் குறுந்தகடு என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் இறுவட்டு என்கிறார்கள். குறு, அளவைச் சொல்கிறது. இறு, இறுக்கத்தைச் சொல்கிறது. மூலத்துக்கு மிக நெருக்கமானது இறுவட்டுதான் என்பது என் எண்ணம். 12 செ.மீ. வட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேலான இசையை நெருக்கி வைத்திருப்பதை அது அழகாகச் சொல்லிவிடுகிறது. 1982இல் சந்தைக்கு வந்த இந்த வட்டில், ஒவ்வொரு தடத்துக்கும் நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாகப் பதிந்திருப்பார்கள். இரு தடங்களும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதால், திண்ணொலி கேட்பதற்கு இது இன்றும் மிக நல்ல வழி. நீங்களே பதிந்த சிடி, எம்பி3 சிடி இவற்றையும் படிக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கருவியும் படிக்காது.

செட்டைச் சொல்லும்போது காம்பேக்ட் என்பதற்குக் ‘கையடக்க’ என்று எழுதுவது தவறு. அது கையில் எடுத்துப் போவதற்கான சொல். ‘கச்சிதமான’ என்பதே சரி. மியூசிக் சிஸ்டத்தை ‘இசைக்கருவி’ என்றால் வீணையாகிவிடும்; ‘இசையமைப்பு’ என்றால் மெட்டுப் போடுவதாகிவிடும். கச்சிதமான ஒலித்தொகுதி என்று எழுதலாம்.

ரேடியோவின் கதை வேறு. லத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர். வானொலி என்று பெயர் வைத்தவர்கள் கதிரை மொழிபெயர்க்கவில்லை. வானில் வரும் ஒலி என்று வேலையைப் பார்த்துப் பெயரிட்டார்கள். அதைவிட நல்ல சொல் அமைந்திருக்க முடியாது. எஃப்எம்முக்கு வழங்கும் பண்பலையில் மட்டும் ஒரு சிறு நெருடல் உண்டு. பண்பேற்றம் என்பது அலைமேல் ஒலியை ஏற்றும் எல்லா முறைக்கும் பொது. வீச்சில் ஏற்றினால் ஏஎம், அதிர்வெண்ணில் ஏற்றினால் எஃப்எம். சொல் நிலைத்துவிட்டது, இனி மாற்றத் தேவையில்லை.

பண்பலையில் ஸ்டீரியோ வருவது சுவையான ஏற்பாடு. நிலையம் இடம், வலம் என்று தனித்தனியாக அனுப்புவதில்லை. இரண்டின் கூட்டலை ஒன்றாகவும், கழித்தலை அதன் மேல் இன்னொன்றாகவும் அனுப்புகிறது. பழைய ஒருதட ரேடியோ கூட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு முழுப்பாட்டையும் பாடும். ஸ்டீரியோ ரேடியோ, கூடவே வரும் 19 கிலோஹெர்ட்ஸ் அடையாள ஒலியைக் கண்டுகொண்டு கழித்தலையும் சேர்த்து இரு தடங்களையும் மீட்டெடுக்கும். அமெரிக்காவில் 1961இல் இந்த முறை ஒலிபரப்புக்கு வந்தது. அலை பலவீனமாக இருக்கும் இடத்தில் அந்தக் கழித்தல் பகுதிதான் அதிகம் இரைச்சலைக் கொண்டுவரும். அதனால் மோனோவுக்கு மாற்றும் பொத்தான் உள்ள செட்டாகப் பாருங்கள். அழுத்தினால் ‘ஸ்ஸ்’ இரைச்சல் பெருமளவு அடங்கும். வெளி ஆன்டெனா செருகும் துளை இருப்பது அதைவிட முக்கியம். பின்னால் தொங்கும் ஒற்றை ஒயரை மட்டும் நம்பியிருக்கும் ரேடியோ, சுவர் தடித்த வீட்டில் திணறும்.

வாட் எண்ணில் மயங்கவேண்டாம். பிஎம்பிஓ (கண நேர உச்சத் திறன்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அதைப் படிக்காமலே கடந்துவிடலாம். ஆர்எம்எஸ் என்று குறித்திருக்கும் எண்தான் தொடர்ந்து தாக்குப்பிடிக்கும் திறன். நடுத்தர அறைக்கு ஸ்பீக்கருக்கு 15, 20 வாட் இருந்தாலே தாராளம். ஸ்பீக்கரைப் பின்னாளில் மாற்றினால், செட்டின் பின்புறம் எழுதியிருக்கும் ஓம் (மின்தடை) அளவுக்குக் குறைந்ததைப் போடாதீர்கள், பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) சூடாகிக் கெட்டுப்போகும்.

புளூடூத் இருந்தால் வசதிதான். ஆனால் செட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் போதுமே என்று யோசிப்பவர்கள், அதில் பல வகைகள் இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்து ஒருதட ஒலியாகத்தான் தருகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே மாதிரியில் இரண்டு வாங்கி, இணைத்து இடம் வலமாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியுமென்றால் அதுவும் திண்ணொலிதான்.