ஷேர்கிராப்பர்: குத்தகைதாரரா, வாரக்குடியா, பண்ணையாளா?

மில்ட்ரெட் டி. டெய்லர் எழுதி 1976இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' என்ற நாவலைப் படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவர் விரைவிலேயே எதிர்கொள்ளும் சொல் 'ஷேர்கிராப்பர்'. நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய 1933–34ஆம் ஆண்டுகளின் மிசிசிப்பியில், அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில், கதை நடக்கிறது. அதைச் சொல்பவள் கேசி லோகன் என்னும் ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி. அவளுடைய குடும்பத்துக்குச் சொந்த நிலம் இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. ஹார்லன் கிரேஞ்சரைப் போன்ற வெள்ளைப் பண்ணையார்களின் நிலத்தில் பருத்தி விளைவித்து, விளைச்சலில் ஒரு பங்கைப் பெறும் அவர்களே ஷேர்கிராப்பர்கள். இச்சொல்லுக்குக் 'குத்தகை விவசாயி' என்று எழுதிவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால் அப்படிப் படித்தவருக்கு, அந்த மக்கள் கண்ணெதிரே நடக்கும் அநியாயத்துக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்பதும், லோகன் குடும்பம் தன் நிலத்தை ஏன் உயிராகக் காக்கிறது என்பதும் விளங்கா.

ஆங்கிலத்தில் இது இரண்டு பழஞ்சொற்களின் கூட்டு. 'ஷேர்' என்பதன் வேர் வெட்டுதல், பிரித்தல் என்ற பொருளுடையது. ஆட்டு ரோமத்தைக் கத்தரிப்பதைக் குறிக்கும் 'ஷியர்' என்ற சொல்லும் அதற்கு உறவு. 'கிராப்' என்பது பழைய ஆங்கிலத்தில் செடியின் தலைப்பகுதியையும் கதிரையும் குறித்து, பின்னர் விளைச்சல் முழுவதற்கும் பெயராயிற்று. விளைச்சலைப் பகிரும் முறை உலகில் மிகப் பழையதுதான் என்றாலும், 'ஷேர்கிராப்பர்' என்ற கூட்டுச்சொல் வழக்குக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அடிமை முறைக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போருக்குப் பிறகான அமெரிக்கத் தெற்கில்தான். அந்தக் காலத்தையும் இடத்தையும் விட்டுவிட்டு அதன் பொருளைச் சொல்ல முடியாது.

1865 ஜனவரியில் வடக்குத் தரப்பின் படைத்தலைவர் ஷெர்மன் பிறப்பித்த 15ஆம் எண் களஆணை, தென்கிழக்குக் கடற்கரையோரம் கைப்பற்றப்பட்ட நிலத்தை, விடுதலை பெற்ற அடிமைக் குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கருக்கு மிகாமல் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய உரிமையாளர்களிடமே திருப்பித் தரும்படி செய்துவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மிசிசிப்பி இயற்றிய கறுப்பினத்தவருக்கான தனிச் சட்டம், நகர எல்லைக்கு வெளியே அவர்கள் நிலத்தை வாடகைக்கோ குத்தகைக்கோ எடுப்பதையே தடை செய்தது. ஒரு பக்கம் நிலம் வைத்திருந்தும் கூலி கொடுக்கக் கையில் பணமில்லாத பண்ணையார். மறுபக்கம் உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத, ஆனால் கங்காணியின் சாட்டைக்குக் கீழ் மறுபடியும் கூட்டமாக வேலை செய்ய மறுத்த குடும்பங்கள். இந்த இழுபறியில் பிறந்ததே பங்கு முறை. குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு குடிசையும் ஒதுக்கப்பட்டன. கோவேறு கழுதை, கலப்பை, விதை யாவும் பண்ணையாருடையவை. விளைந்த பருத்தியில் ஆளுக்குப் பாதி.

சொந்தக் கோவேறு கழுதையும் கருவிகளும் வைத்திருந்தவர் இதைவிட நல்ல நிலையில் இருந்தார். பொதுவாக அவர் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கையும் பருத்தியில் நான்கில் ஒரு பங்கையும் நிலத்துக்காகக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார். அவரை ஆங்கிலம் 'ஷேர் டெனன்ட்' என்று தனியே அழைத்தது. இந்த வேறுபாடு பங்கின் அளவோடு முடிந்துவிடவில்லை. 1872இல் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் ஆப்ளிங் எதிர் ஓடம் என்ற வழக்கில், கிராப்பரின், அதாவது ஷேர்கிராப்பரின், ஏற்பாடு குத்தகையே அன்று, அது கூலி கொடுப்பதற்கான ஒரு முறை என்று தீர்த்துச் சொன்னது. இதன் விளைவு கடுமையானது. வயலில் நிற்கும் பயிர் கிராப்பருடையதன்று; நிலத்தின் மீது அவருக்கு அனுபோக உரிமை இல்லை; பருத்தி விற்று, கழிவுகள் போக, பண்ணையார் கொடுப்பதுதான் அவருடைய பங்கு. ஆகவே குத்தகைதாரர் என்ற சொல் இங்கே பொருந்தாது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இந்த முறை ஓர் ஆண்டில் எப்படி இயங்கியது என்பதை நாவலில் டர்னர் என்ற முதியவர் காட்டுகிறார். அவர் மான்டியர் என்ற பண்ணையாரின் நிலத்தில் உழுபவர். விதைப்பு முதல் அறுவடை வரை குடும்பத்துக்கு வேண்டிய சாமான்களைக் கடைக்காரர் கடனாகத் தருகிறார், பண்ணையார் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார், அந்தக் கையெழுத்துக்காகத் தனியே வட்டி விழுகிறது. அறுவடைக்குப் பிறகு பருத்தியை விற்பவரும் கணக்கை எழுதுபவரும் பண்ணையார்தான். அவ்வாண்டு தம் பாதிப் பங்கு ஏறத்தாழ 200 டாலர் என்றும், அதில் ஒரு காசையும் கண்ணால் காணவில்லை என்றும், கடன் மிச்சமில்லாமல் ஆண்டு முடிந்தாலே நல்ல ஆண்டு என்றும் அவர் சொல்கிறார். இதற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. மிசிசிப்பி 1867இலேயே விளைச்சலின் மீது முதல் பற்றுரிமையைக் கடன் கொடுத்தவருக்கு அளித்துவிட்டது. விதைக்கும்போதே அறுவடை அடகில் இருந்தது என்பதே அதன் பொருள்.

கறுப்பினத்தவர் சிலரை உயிரோடு எரித்த வாலஸ் சகோதரர்களின் கடையைப் புறக்கணிக்க லோகன் குடும்பம் ஊரை அழைக்கும்போது டர்னரால் உடனே ஆம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். பண்ணையாரின் கையெழுத்து செல்லுபடியாகும் கடை அது ஒன்றே. துணிந்து புறக்கணித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? பருத்தி விதைத்து முடித்த பிறகு, மேலும் விதைக்க வழியில்லாத நேரம் பார்த்து, இனித் தமக்குப் பாதி போதாது, 60 சதவீதம் வேண்டும் என்று கிரேஞ்சர் அறிவிக்கிறார். கடைக் கடனை உடனே அடைக்காவிட்டால் சங்கிலியில் பிணைக்கப்பட்ட கைதிக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற மிரட்டலும் வருகிறது. எவரி, லேனியர் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. இந்த இடத்தை அவர்களுடைய கோழைத்தனமாக வாசிப்பவர்கள் உண்டு. அது பெரும் அநீதியான வாசிப்பு என்பது என் உறுதியான கருத்து. பங்கை ஒருதலையாக மாற்றும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும்போது, பங்கு என்ற சொல்லே பெயரளவில்தான் நிற்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். விளைச்சலில் பங்கு என்ற பொருளுக்கு நம்மிடம் இருக்கும் சொல் 'வாரம்'. ஏழு நாளைக் குறிக்கும் வாரம் வடமொழியிலிருந்து வந்தது. விளைச்சல் பங்கைக் குறிக்கும் வாரம் வேறு சொல், மலையாளம், கன்னடம், துளு ஆகிய மொழிகளிலும் இதே பொருளில் வழங்குவது. நில உரிமையாளருக்கோ அரசுக்கோ சேர்வது மேல்வாரம். உழுதவருக்குச் சேர்வது குடிவாரம். நிலத்தை வாரத்துக்கு விட்டிருக்கிறோம், பாதி வாரத்துக்கு உழுகிறார் என்பவை இன்றும் ஊர்ப்பக்கம் கேட்கும் பேச்சுகள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியபடி அளந்தாக வேண்டியது குத்தகை. விளைந்ததைப் பங்கிடுவது வாரம். ஆகவே அந்தக் காரணத்தாலும் குத்தகை விவசாயி என்பது தள்ளுபடியாகிறது.

அப்படியானால் 'வாரக்குடி' என்று வைத்துக்கொள்ளலாமா? பலரும் இதையே தேர்வர், ஓசையும் அழகானது. ஆனால் இதில் 'குடி' என்ற பாதி தவறான செய்தியைத் தருகிறது என்றே கருதுகிறேன். குடி என்பவர் நிலத்தோடு நிலையான உறவுள்ளவர். குடிவாரம் என்ற சொல்லும் பங்கின் பெயராக மட்டும் நில்லாமல், உழுபவர் நிலத்தில் தொடர்ந்து இருப்பதற்கான உரிமையின் பெயராகவும் வளர்ந்தது. ஜமீன் நிலங்களில் அவ்வுரிமைக்கு 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் சட்ட வலு கொடுத்தது. மிசிசிப்பியின் கிராப்பருக்கு அத்தகைய உரிமை எள்ளளவும் இருந்ததில்லை. எனவே வாரக்குடி என்பதை, சொந்தக் கழுதையும் கலப்பையும் கொண்டிருந்த ஷேர் டெனன்டுக்கு ஒதுக்கிவைப்பதே முறை.

கிராப்பருக்கு நான் முன்வைப்பது 'வாரப் பண்ணையாள்' என்பது. பண்ணையாள் என்பவர் நிலமும் ஏரும் விதையும் பண்ணையாருடையதாக இருக்க, அங்கேயே தங்கி உழைப்பவர், கடனால் கட்டுண்டவர், வெளியேறு என்றால் வெளியேற வேண்டியவர். தஞ்சாவூர் மாவட்டத்துக்காக 1952இல் சென்னை மாநிலம் கொண்டுவந்த சட்டம் தன் தலைப்பிலேயே குத்தகைதாரர், பண்ணையாள் என்று இருவரையும் தனித்தனியாகச் சொல்லிப் பாதுகாப்பு அளித்தது. ஜார்ஜியா நீதிமன்றம் வகுத்த அதே கோட்டை நம் சட்டமும் அறிந்திருக்கிறது. பண்ணையாளுக்கு ஊதியம் நெல்லாக அளக்கப்பட்டது; கிராப்பருக்கு ஊதியம் வாரமாகக் கணக்கிடப்பட்டது; அந்த வேறுபாட்டை 'வார' என்ற அடை காட்டிவிடுகிறது. 'வாரக்கூலி' என்றால் ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைக்கும் கூலி என்றே எவரும் கொள்வர் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். பண்ணையாள் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் சாதி வந்து நிற்கும்; ஷேர்கிராப்பரோ இனத்தைக் குறிக்கும் சொல் அன்று. தடை நியாயமானது. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தென் மாநிலங்களில் இருந்த சுமார் 7,76,000 கிராப்பர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெள்ளையர். 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரோன்சாவில் தோன்றிய தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தில் இரு இனத்தவரும் சேர்ந்தே இருந்தனர். பருத்திப் பரப்பைக் குறைப்பதற்காக அரசு கொடுத்த ஈட்டுத்தொகை நிலவுடைமையாளர்களிடமே தங்கிவிட்டதும், கிராப்பர்கள் வெளியேற்றப்பட்டதும் இரு இனத்தவரையும் பாதித்தன. எனினும் கணக்கில் ஐயம் கேட்கும் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஒரே விடை கிடைக்கவில்லை. ஆர்கன்சாவின் எலைன் பகுதியில் 1919இல் தம் பருத்திக்கு நேர்மையான கணக்கு வேண்டும் என்று ஒரு தேவாலயத்தில் கூடிய கறுப்பினக் கிராப்பர்களைத் தொடர்ந்து நடந்தது படுகொலை. ஆகவே நாவலைப் பயிற்றுவிப்பவர் இச்சொல்லை முதன்முறை பயன்படுத்தும்போது, இது தொழில் நிலையின் பெயர், இனத்தின் பெயர் அன்று என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

சொல்லில் அடங்காத ஒன்றும் உண்டு: ஒப்பந்தம் ஒருவரோடு செய்யப்பட்டாலும் உழைப்பு குடும்பம் முழுவதற்கும் உரியது. நாவலில் கேசியின் பள்ளி அக்டோபரில் திறந்து மார்ச்சில் மூடப்படுகிறது. விதைப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் பிள்ளைகள் வயலில் வேண்டும் என்பதே காரணம். மறுபுறம், 1887இல் வாங்கிய 200 ஏக்கரையும் 1918இல் வாங்கிய 200 ஏக்கரையும் விட்டுக்கொடுக்காமலிருக்க, வரிக்கும் அடமானக் கடனுக்கும் பணம் சேர்க்கக் கேசியின் தந்தை டேவிட் லூசியானாவுக்கு ரயில்பாதை வேலைக்குப் போகிறார். குடும்பம் பிரிந்திருப்பதுதான் அந்த நிலத்தின் விலை. வாரப் பண்ணையாளின் வாழ்வு எது என்று தெரிந்த வாசகருக்கே அந்த விலையை ஏன் கொடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

முறை 1930களோடு முடிந்துவிடவில்லை. பின்னாளில் கறுப்பினத்தவரின் உரிமைப் போராளியாக அறியப்பட்ட, ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கத் தொடங்கிய ஃபானி லூ ஹேமர், மிசிசிப்பியின் ரூல்வில் அருகே ஒரு பண்ணையில் 18 ஆண்டுகள் வாழ்ந்து உழைத்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றதற்காக, அன்றே அவர் அந்தப் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். இப்படிப்பட்ட செய்தியில் 'குத்தகைதாரர் வெளியேற்றப்பட்டார்' என்று எழுதினால் ஒப்பந்தம் முறிந்தது என்றுதான் தோன்றும். 'வாரப் பண்ணையாள் வெளியேற்றப்பட்டார்' என்று எழுதினால் நடந்தது நடந்தபடி தெரியும். முறையைக் குறிக்க 'வாரப் பண்ணை முறை' என்றும், ஆண்டிறுதியில் பண்ணையார் செய்யும் பங்கீட்டைக் குறிக்கக் 'கணக்கு முடித்தல்' என்றும், அறுவடை வரை கடனாகத் தரப்பட்ட சாமான்களைக் குறிக்கக் 'கடைப்பற்று' என்றும் எழுதலாம்.