அந்த முதல் கார்டில் ஒளிந்திருக்கும் பியானோ

1964 ஜூலையில் வெளிவந்த பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ ஆல்பத்தை ஓடவிட்டால் முதலில் காதில் விழுவது ‘ஜங்’ என்று ஒரே ஒரு கார்ட், அதாவது பல சுரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்தொலிக்கும் கூட்டொலி. அது சுமார் மூன்று விநாடி ஒலித்து அடங்கிய பிறகுதான் பாட்டே தொடங்குகிறது. கிதார் பழகுகிறவர்கள் பலரும் அதை வாசித்துப் பார்த்திருப்பார்கள். கிட்டத்தட்ட வரும், ஆனால் ஏதோ ஒன்று குறையும். அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பதைக் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரௌன் 2004-இல் கணக்குப் போட்டுத் தேடினார்.

அவர் கையில் எடுத்த கருவி ஃபூரியர் மாற்று. எவ்வளவு சிக்கலான ஒலியையும் எளிய அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம். ஒலியின் ஒரு துண்டைக் கணினிக்குக் கொடுத்தால், எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலத்தோடு இருக்கிறது என்று பட்டியல் வந்துவிடும். சரி, பட்டியல் வந்தால் வேலை முடிந்ததா? அங்கேதான் சிக்கலே தொடங்குகிறது.

ஒரு கம்பியை மீட்டினால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்களும் சேர்ந்தே எழும். தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிதாரில் 146.8 ஹெர்ட்ஸ் உள்ள டி சுரத்தை (மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள்தான் பெயர்) வாசித்தால், அதன் மூன்றாம் மடங்கு 440.5. வேறொரு கிதாரில் யாராவது ஏ சுரத்தை மீட்டினால் அது 440. இடைவெளி அரை ஹெர்ட்ஸ்தான். ஒரு விநாடித் துண்டை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைத்தான் தெளிவாகப் பிரிக்க முடியும்; அரை ஹெர்ட்ஸுக்கு இரண்டு விநாடி வேண்டும். அதற்குள் ஒலி தேயத் தொடங்கிவிடும். ஆக, 440-க்குப் பக்கத்தில் ஒரு முகடு, அதாவது பலமான ஓர் அதிர்வெண், தெரிந்தால், அது குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த பேஸா, ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த பன்னிரண்டு கம்பி ரிக்கன்பேக்கர் கிதாரா என்று பட்டியல் சொல்லாது. கூட்டுத்தொகை பத்து என்றால் ஆறும் நாலுமா, ஏழும் மூணுமா என்று எப்படிச் சொல்வது?

இதற்கு வாத்தியத்தின் உடற்கூறு தெரிய வேண்டும். பிரௌன் கெட்டிக்காரத்தனம் காட்டியது இங்கேதான். 174.6 ஹெர்ட்ஸ் எஃப் சுரத்தின் அருகே ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய மூன்று அதிர்வெண்கள் அவருக்குக் கிடைத்தன. பன்னிரண்டு கம்பி கிதாரில் தடித்த நான்கு கம்பிகளுக்கும் ஜோடியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் கம்பி உண்டு. அந்த எஃப் கிதாரிலிருந்து வந்திருந்தால் அதன் இரு மடங்கான 349-லும் அதற்கு ஈடான ஒலி இருந்தாக வேண்டும். அது இல்லை. ஆனால் பியானோவின் நடுப்பகுதியில் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று கம்பிகள். மூன்றும் மயிரிழை வித்தியாசத்தில்தான் சுருதி கூடியிருக்கும். ஆக, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதே கணத்தில் பியானோவில் கை வைத்திருக்கிறார் என்பது பிரௌனின் முடிவு. பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பிலும் (சோலோ) மார்ட்டினின் பியானோ ஹாரிசனின் கிதாரோடு சேர்ந்தே ஓடுகிறது என்பதால், இதை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

மற்ற சுரங்களை ஆளுக்கு இவ்வளவு என்று அவர் பங்கிட்டதில்தான் எனக்குச் சந்தேகம். தான் வாசித்தது எஃப் கார்ட், மேலே ஒரு ஜி என்று ஹாரிசனே 2001-இல் சொல்லியிருக்கிறார். பிரௌனின் பங்கீட்டிலோ ஹாரிசன் கையில் எஃப் சுரமே கிடையாது. வாசித்தவரின் நினைவும் பிசகலாம் என்று வாதாடலாம்தான். ஆனால் பியானோவுக்குக் கிடைத்தது போன்ற உடற்கூறுச் சாட்சி இங்கே பலமாக இல்லை. ஒரே முகடுகளை இன்னொருவர் வேறு விதமாகப் பங்கிட்டாலும் கூட்டல் சரியாகவே வரும்.