‘திரைமறைவு ஆட்சி’ என்று சொல்லாதீர்கள்

கொரிய வரலாற்றுத் தொடர்களின் தமிழ் டப்பிங்கில் ‘திரைமறைவு ஆட்சி’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சிறுவன் அரியணையில் இருப்பான். தட்டிக்கு அந்தப் பக்கம் மூத்த அரசி உட்கார்ந்திருப்பார். உடனே இந்தச் சொல் வந்து விழும்.

மூலச்சொல் சுர்யொம்-ச்சொங்ஜொங். சீன எழுத்துகளால் ஆனது. தட்டியைத் தொங்கவிட்டு அரசு காரியம் கேட்பது, அவ்வளவுதான் பொருள்.

இதில் மறைவு எங்கே வந்தது? தமிழில் ‘திரைமறைவில் நடந்தது’ என்றால் ஊருக்குத் தெரியாமல் நடந்தது. பேரம், சூழ்ச்சி, ஏதோ கள்ளத்தனம். பழைய கொரிய அரசான சோசனின் அரசவையில் இது ஊரறிய நடந்த ஏற்பாடு. அரசன் சிறுவன் என்றால் அரச குடும்பத்தின் மூத்த அரசி பொறுப்பேற்பார், அமைச்சர்கள் வந்து காரியங்களைச் சொல்வார்கள், அவர் முடிவு சொல்வார். ஆண் அமைச்சர்களைப் பெண் நேருக்கு நேர் பார்க்கக்கூடாது என்ற கன்பூசிய ஒழுங்குக்காகத்தான் தட்டி. 1469-இல் பேரனுக்காகப் பொறுப்பேற்ற சொங்ஹி அரசி, 1476-இல் ஆட்சியை அவனிடமே ஒப்படைத்தார். இதில் என்ன சூழ்ச்சி?

சூழ்ச்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. முன்ஜொங் அரசியைப் பாருங்கள். 1545-இல் மகன் ம்யொங்ஜொங்குக்காகத் தட்டிக்குப் பின்னால் அமர்ந்தார். அதே ஆண்டு எதிர்த்தரப்பினர் பலர் களையெடுக்கப்பட்டார்கள். 1553-இல் முறைப்படி தட்டி அகன்றது. ஆனாலும் 1565-இல் சாகும்வரை பிடி அவர் கையிலும் அவருடைய தம்பி கையிலும்தான் இருந்தது. திரைமறைவு ஆட்சி என்று சொல்வதானால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சொல்லலாம். திரை போன பிறகுதான் திரைமறைவே தொடங்கியது! இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘எழினி ஆட்சி’ என்றார். எழினி என்றால் திரை. அழகான சொல். ஆனால் சிலப்பதிகார எழினி நாடக மேடையுடையது. அதை விளக்க இன்னொரு கட்டுரை வேண்டும். ‘மூங்கில் திரை’ என்றால் பழைய பனிப்போர்க் காலச் சீனா நினைவுக்கு வரும். ‘தட்டித்திரை ஆட்சி’ போதும். தட்டி எது என்று யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம், அதே டப்பிங்கில், மறைந்த அரசனின் அரசிக்குரிய கொரியப் பட்டமான ‘தேபி’யை ‘விதவை ராணி’ ஆக்குகிறார்கள். ஆங்கிலம் வழியாக வந்த வினை. தேபி என்ற சொல்லில் தாலியும் இல்லை, அறுப்பும் இல்லை. ‘தே’ என்றால் பெரிய, ‘பி’ என்றால் அரசி. பெரிய அரசி என்று சொல்ல என்ன தயக்கம்?