வாக்கிங் போறேனே, அப்புறம் ஏன் எந்திரிக்க முடியல?

எங்கப்பாவுக்கு 71 வயசு. டெய்லி விடிகாலைல லஸ் நாகேஸ்வர ராவ் பார்க்குல ஏழு ரவுண்டு அடிச்சிடுவாரு, மழை பெஞ்சா மட்டும்தான் லீவு. ஆனா தரையில உக்காந்து சாப்பிட்டு எந்திரிக்கிறப்ப ஒரு கை தரையில, ஒரு கை என் தோள்ல. "நடக்கத்தான் செய்யறேனேடா, அப்புறம் என்ன கேடு?"ன்னு அலுத்துக்கிட்டாரு. நியாயமான கேள்விதான்.

தசைல முக்கியமா ரெண்டு வகை நார் இருக்கு, ஒண்ணு மெதுவா இழுக்கும் ஆனா லேசுல களைக்காது, இன்னொண்ணு சட்டுனு பலமா இழுத்துட்டு சீக்கிரமே ஓய்ஞ்சிடும். நம்ம நரம்பு மண்டலம் சரியான கஞ்சன், லேசான வேலைன்னா மொத வகையை மட்டும்தான் கூப்பிடும், பாரம் ஏற ஏறத்தான் ரெண்டாவதை எழுப்பும். சமதரையில நடக்கறதெல்லாம் அதுக்கு லேசான வேலை. அதனால அந்த வேகமான நாருக்கு வருஷக்கணக்கா அழைப்பே வராது, வயசாக ஆக அதிகமா மெலியறதும் அதுதான், அதை இயக்கற நரம்பு செல்லுங்களும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வரும். கொடுமை என்னன்னா தரையிலேருந்து எந்திரிக்க, பஸ் படியில ஏற, பிளாட்பாரத்துல கல்லு தடுக்கினா பட்டுனு காலை முன்னாடி வெச்சு விழாம நிக்க, எல்லாத்துக்கும் அதுதான் வேணும்.

சரி, இனிமே ஆரம்பிச்சு என்ன ஆகப்போகுதுன்னு கேப்பீங்க. 1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல சராசரி வயசு 90 இருக்கற பத்து பேருக்கு எட்டு வாரம் காலுக்கு வெயிட் டிரெயினிங் குடுத்தாங்க, முடிச்சவங்களுக்கு கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருந்துச்சு! மொத சில வாரத்துல தசை பெருசா வளராது, தூங்கிட்டிருந்த நாருங்களை நரம்பு மறுபடி ஒண்ணா எழுப்பக் கத்துக்கறதுலதான் பலம் வருது, சதை அப்புறமாதான் போடும்.

உலக சுகாதார நிறுவனமும் வாரத்துல ரெண்டு நாளாவது இந்த மாதிரி தசைக்குப் பலம் கூட்டற பயிற்சி வேணும்னுதான் சொல்லுது. ஜிம்முக்குத்தான் போகணும்னு இல்ல. அப்பா பிரஷர் மாத்திரை போடறவரு, அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் ஆரம்பிச்சோம். சேர்ல கை ஊணாம பத்து வாட்டி உக்காந்து எந்திரிக்கணும், அது சுலபமானதும் ரெண்டு லிட்டர் வாட்டர் பாட்டிலை நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கணும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது, பிரஷர் ஏறிடும், அதனால எந்திரிக்கறப்ப சத்தமா எண்ணச் சொல்லியிருக்கேன். அம்மாவும் சாதத்தைக் குறைச்சு முட்டை, சுண்டல்னு தட்டுல கூட்டியிருக்காங்க, புரதம் இல்லாம தசை எங்கேருந்து வரும்.

மூணு மாசம் ஆச்சு. தரையில இன்னும் கை ஊணித்தான் எந்திரிக்கிறாரு, ஆனா என் தோளைத் தேடறதில்ல. பாட்டில் பத்தலையாம், அஞ்சு லிட்டர் கேன் கேக்கறாரு.