பலா வைத்த வருஷம்

"எத்தனை வருஷமா இந்த நிலத்துல இருக்கீங்க?"

"ரொம்ப காலமா இருக்கோம் கண்ணு."

ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில், காட்டு நிலத்தில் காலங்காலமாக வாழ்பவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டப்படி மனு எழுத உதவப் போயிருந்தேன். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஆயாவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நானும் வருஷத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். சேலம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்து பழகிய வாய். கேட்கக் கேட்க ஆயாவின் குரல் உள்ளே போய்விட்டது.

பேனாவை மூடினேன். என் பாட்டி புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டு, பட்டாவுக்காக மஞ்சள் பையோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றதைச் சொன்னேன். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். இரண்டு நிமிஷம்தான் பேசியிருப்பேன். நம் கதை அதற்கு மேல் நீண்டால் அவர்கள் நமக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

"வா கண்ணு" என்று ஆயா கொல்லைக்குக் கூட்டிப்போனார். கை எட்டும் உயரத்திலேயே காய்த்திருந்த ஒரு பலா. "பெரியவன் வயித்துல இருக்கறப்ப வெச்சது. எம்ஜிஆர் செத்தப்ப அவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்."

எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பரில்! அப்புறம் கணவர் அடுக்கிய கல் வரப்பு, மாமியாரைப் புதைத்த இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

இந்தச் சட்டத்துக்கு 2008-இல் வந்த விதிகளில் 13-ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு எல்லாமே சான்று. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான். ஆனால் ஒரே சான்று போதாது. அதனால் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமும் உட்கார்ந்தோம்.

எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டுவதை மட்டும் எவ்வளவு அவசரமானாலும் விடாதீர்கள். "எங்க காடு" என்று ஆயா சொன்னதை, என்னோடு வந்த சென்னை ஜூனியர் "வனம்" என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கம் காடு என்றால் உழுது விதைக்கிற மானாவாரி நிலம். வாசித்தபோது ஆயாவே நிறுத்தித் திருத்தினார். அந்த ஒரு சொல் அப்படியே போயிருந்தால் மனுவின் அர்த்தமே மாறியிருக்கும்.

பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100-ஐ அழைக்கலாம். அப்படி வருபவரிடம் வருஷத்தைக் கேட்காதீர்கள். இந்த மரத்தை யார் வைத்தார்கள் என்று கேளுங்கள், சொல்லி முடிக்கிற வரை காத்திருங்கள்.