ஹோம் கார்டுன்னா யாரு? ஊர்க்காவல் படைங்கற சொல்லோட கதை

தேரோட்டத்துல கயிறு புடிச்சு கூட்டத்த ஒதுக்கறவங்க, ஸ்கூல் விடற நேரத்துல ரோட்ட கடக்க விடறவங்க, ராத்திரி ரோந்துல போலீசு கூட போறவங்கன்னு காக்கில சில பேர பாத்திருப்பீங்க, கேட்டா "ஹோம்கார்டுங்க"ன்னு சொல்வாங்க. ஹோம்னு பேர்ல இருக்கறதால நிறைய பேரு அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி மாதிரின்னு நெனச்சுக்கறாங்க. அது தப்பு.

பேரு வந்தது இங்கிலாந்துலேர்ந்து. 1940ல ஜெர்மனி படையெடுத்து வந்துடும்ங்கற பயத்துல, ராணுவத்துல சேர முடியாதவங்கள வச்சு ஒரு படை சேத்தாங்க, மொதல்ல லோக்கல் டிஃபென்ஸ் வாலண்டியர்ஸ்னு வச்சு, ரெண்டே மாசத்துல சர்ச்சில் அத ஹோம் கார்டுன்னு மாத்திட்டாரு. அந்த ஹோம் வீடு இல்லீங்க, சொந்த மண்ணு. இங்க 1946 டிசம்பர் 6ல பம்பாய்ல, கலவர நேரத்துல போலீசுக்கு துணையா ஆரம்பிச்சாங்க. 1962 சீனப் போருக்கப்புறம் எல்லா மாநிலத்துலயும் ஒரே மாதிரி அமைக்கணும்னு மத்திய அரசு சொல்ல, நம்ம தமிழ்நாட்டு சட்டம் 1963ல வந்துச்சு.

இப்ப சொல்லுக்கு வருவோம். இந்தில கிருஹ ரக்‌ஷக்னு வார்த்தைக்கு வார்த்தை மாத்திக்கிட்டாங்க. தமிழ்ல அப்படி செஞ்சிருந்தா வீட்டுக்காவல்னு ஆகியிருக்கும், அது தலைவர்கள வெளிய விடாம அடைச்சு வைக்கறதுக்கு பேரு! ஹோமுக்கு ஊர்னு போட்டது எவ்ளோ சரியான முடிவு பாருங்க, எனக்கு மூல சொல்ல விட இதுதான் பிடிக்குது. கா-ன்னா காப்பாத்து, அதுலேர்ந்துதான் காப்பு, காவல், காவலன் எல்லாம். மதுரைக்காஞ்சிலயே "ஊர்காப்பாளர்" வர்றாங்க, மழை பெய்யற நடுராத்திரிலயும் சோராம மதுரை தெருவுல ரோந்து போறவங்க. அதனால இது ஆபீஸ்ல உக்காந்து செஞ்ச மொழிபெயர்ப்பு மாதிரி எனக்கு தோணல. இலங்கைல ஊர்காவல் படைன்னு க் இல்லாமலும் எழுதுவாங்க, ஆனா அங்க போர்க்காலத்துல அது துப்பாக்கி ஏந்தின படை, 2006ல சிவில் பாதுகாப்புத் திணைக்களமா மாறிடுச்சு, அதனால அந்த ஊர் செய்தி படிக்கறப்ப நம்மூர் அர்த்தத்த போட்டுக்காதீங்க.

இன்னொண்ணு, ரிசர்வ் போலீஸ்னு நாம சொல்ற ஆயுதப்படையும் இவங்களும் ஒண்ணு இல்ல. அவங்க முழுநேர போலீஸ், மாச சம்பளம். இவங்க தன்னார்வலர், டூட்டிக்கு வந்த நாளுக்கு மட்டும் படி. 2015ல சுப்ரீம் கோர்ட்டு, இவங்கள நிரந்தரமாக்க சொல்ல முடியாது, ஆனா 30 நாள் படிய கூட்டினா ஒரு கான்ஸ்டபிளோட குறைஞ்சபட்ச சம்பளம் அளவுக்காவது வரணும்னு சொல்லிச்சு. நம்ம மாநிலத்துல படிய ஏத்தினப்ப டூட்டி நாள கொறச்சுட்டாங்க, கைக்கு வர்ற காச நம்பி இருக்கற குடும்பத்துக்கு அது பெரிய அடி.