சுடாத பீங்கான் என்று ஒன்று கிடையாது

எழும்பூர்ப் பக்கம் ஒரு கண்காட்சி. வெள்ளைவெளேரென்ற பெண் சிலைக்குக் கீழே ‘சுடாத பீங்கான், பிரான்சு’ என்று எழுதி வைத்திருந்தார்கள். இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது மூன்றாம் முறை. சுடாவிட்டால் அது பீங்கானே அல்ல, வெறும் களிமண். வள்ளுவர் பசுமண்கலம் என்றது அதைத்தான். அந்தச் சிலையோ 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டிய சூளையில் வெந்து வந்தது. அதன்மேல் இல்லாதது கண்ணாடிப் பூச்சு மட்டுமே.

பிரெஞ்சில் இதற்குப் பெயர் பிஸ்கட். ‘இருமுறை வெந்தது’ என்னும் லத்தீன் வழிச் சொல். டீயில் தோய்த்துத் தின்பதும் அதே சொல்தான். ஒரே முறை சுட்டு முடித்த சிலைக்கும் அந்தப் பெயரே. பீங்கான் பாரசீகத்திலிருந்து வந்து நம் அடுப்படியில் ஊறிவிட்ட சொல். அதை விரட்ட நான் வரவில்லை.

படித்தவர்கள் வேறொன்று எழுதுகிறார்கள்: ‘மெருகற்ற பீங்கான்’. இதுதான் எனக்கு அதிக எரிச்சல். மெருகு என்பது தேய்த்து வருவது. நகைக்கும் மரத்துக்கும் உரியது. பீங்கானின் பளபளப்போ மேலே பூசி, சூளையில் உருகிப் படிந்த கண்ணாடி. வீட்டுக் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் சொரசொரக்கும். பூச்சு இல்லாத பீங்கான் அதுதான். மேலும், ‘மெருகற்ற’ என்றால் ஏதோ அரைகுறை வேலை என்று தொனிக்கிறது. நடந்தது நேர்மாறு. பூச்சு வழிந்தால் கண்ணிமையும் துணி மடிப்பும் மழுங்கும் என்பதால்தான் 1750களில் பிரான்சின் வின்சென், செவ்ர் பீங்கான் ஆலைகள் சிலைகளைப் பூச்சின்றியே விட்டன. பளிங்குச் சிலையின் சாயலும் கிடைத்தது. ஒரு சிறு புள்ளியைக்கூட மறைக்க வழியில்லை. இங்கிலாந்தின் டெர்பியில் குறையற்ற உருவங்களையே இப்படி விற்றார்கள்; வண்ணம் தீட்டியவற்றைவிட விலையும் கூடுதல். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர், பொருளை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் இந்தச் சொல் பிறந்தே இருக்காது.

நான் எழுதுவது ‘பூச்சிலாப் பீங்கான்’. இதே பீங்கானில் செய்த பொம்மைத் தலைகளில் கன்னச் சிவப்புத் தீட்டியிருக்கிறதே, அது பூச்சில்லையா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயம்தான். அதனால் முதல் முறை ‘கண்ணாடிப்பூச்சிலாப் பீங்கான்’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்கிறேன்.